கொடுத்த கால்

வலது தோளில் ஆரம்பித்த வலி கழுத்து வழியாக ஏறிக் காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் வரை அது இறங்காது என்று அவளுக்குத் தெரியும். உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் மேசை முன்னால் நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் அந்த வலி உண்டு. இடது கையால் கிழங்கை இழுத்து, வலது கையால் எடுத்து அழுத்திப் பார்த்து, நல்லதைச் சாக்கிலும் கெட்டதைத் தொட்டியிலும் போட வேண்டும். தோள் இறங்க நேரமே கிடைக்காது.

மழைக்காலம் வேறு. தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. சாக்கில் ஈரம், தரையில் ஈரம், கிழங்கில் ஈரம். அழுகின கிழங்கின் நாற்றம் தலைமுடியில் ஏறிவிட்டால் சோப்புக்கு மசியாது. அதிலும் சில கிழங்கு வெளியே பளபளவென்று இருக்கும். தோலுக்குள் எல்லாம் கூழ். கட்டைவிரலால் அழுத்தினால்தான் தெரியும். அழுத்துவதற்கு முன்பே மூக்காலேயே கண்டுபிடிப்பவள் அவள் ஒருத்திதான். அதனால் கிடங்கில் அவளுக்கு மோப்பம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுக்கிறவருக்கே மறந்துபோய்விட்டது.

எதிர்ப்பக்கம் நின்றவளுக்கு ஓட்டைவாய் என்று பெயர். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன மோப்பம், ஒரே கிழங்கையே பாத்துக்கிட்டு நிக்கிற? உம் புருஷன் மூஞ்சி தெரியுதா அதுல?"

"அவரு மூஞ்சி இதைவிடச் சுருங்கிப்போச்சு."

"இன்னுமா எளைக்கிறாரு? முட்டை வாங்குற, பால் வாங்குற, கறி வாங்குற. நாங்க எல்லாம் அந்தக் கடை வாசல்ல நின்னு வாசனை பிடிச்சுட்டு வர்றோம். அவ்வளவும் எங்கடி போகுது?"

"அதான் புரியல."

"மத்தியானம் யாரு போட்டுக் குடுக்கறா?"

"அண்ணிதான். அவரோட அக்கா."

ஓட்டைவாய் கையிலிருந்த கிழங்கைச் சாக்கில் போட்டாள். மழைச் சத்தம் கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "உங்க அண்ணி வந்தப்ப நான் பாத்தேன். கொடியில காயப்போட்ட துணி மாதிரி இருந்தாங்க. போன வாரம் தண்ணிக் குழாய்கிட்ட பாக்கறேன், கன்னம் ரெண்டும் உப்பிக் கெடக்கு. நான் ஒண்ணும் சொல்லலம்மா. கண்ணால பாத்ததைச் சொன்னேன்."

"ஒண்ணும் சொல்லாமலே இவ்வளவு சொல்றியே, சொன்னா என்ன ஆகும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நல்ல கிழங்கை அழுகல் தொட்டியில் போட்டுவிட்டாள்.

ஓட்டைவாய் சொல்லித்தான் அந்தச் சந்தேகம் வந்தது என்றில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் ஏற்கெனவே அதை அவள் தலையில் ஏற்றிவிட்டிருந்தாள். மோப்பத்தின் புருஷன் பட்டாளத்தில் இருந்தவன். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அடிபட்ட சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, ஒரு பொய்க்காலோடு வீட்டுக்கு வந்தான். வந்த புதிதில் வெட்டின இடம் ஆறித்தான் இருந்தது. பிறகு பொய்க்காலின் கிண்ணம், அதாவது மிச்சக் கால் உள்ளே போய் உட்காருகிற பள்ளம், உராய்ந்து உராய்ந்து ஒரு புண் வந்தது. அந்தப் புண் மூடவே மாட்டேன் என்றது.

போன முறை கட்டு மாற்றப் போனபோது நர்ஸ் அவனை எடை மெஷினில் ஊன்றுகோலைப் பிடித்தபடி நிற்க வைத்தாள். முள்ளைப் பார்த்தாள். பழைய தாளைப் பார்த்தாள்.

"திரும்பவும் எறங்கியிருக்கு. சாப்பிடுறீங்களா இல்லையா?"

"சாப்பிடுறேன் சிஸ்டர்."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

மேலதிகாரி முன்னால் நிற்கிறவன் மாதிரி விறைப்பாக ஒப்பித்தான். "காலையில முட்டை, பால். மத்தியானம் சோறு, பருப்பு, முட்டை. ராத்திரி சோறு, கீரை."

"அவ்வளவும் சாப்பிட்டவரு இப்படியா இருப்பாரு? புண்ணு ஆற மருந்து பாதி, சாப்பாடு பாதி. முட்டையும் பருப்பும் கறியும் உள்ள போனாத்தான் புதுச் சதை வரும். வெறும் மருந்தைத் தடவிக்கிட்டு இருந்தா எனக்குக் கைதான் வலிக்கும்."

அவன் வெளியே போனதும் நர்ஸ் அவளை நிறுத்தினாள். "இந்தாம்மா, வீட்ல எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"அவருக்குன்னு வாங்குறது அவரு வயித்துக்குத்தான் போகுதா?"

அவளுக்கு முகம் சுட்டது. "நான் கிடங்குல அவிச்ச கிழங்கைத் தின்னுட்டு அவருக்கு முட்டை வாங்குறேன் சிஸ்டர்."

"உங்களைச் சொல்லல. நெறைய வீட்டைப் பாத்துட்டேன், அதனால கேக்குறேன். மழைக்காலம் முடியறதுக்குள்ள புண்ணு மூடலைன்னா முட்டிக்கு மேல எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. முட்டி இருந்தா மனுஷன் நடந்துடுவான். முட்டியும் போச்சுன்னா அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் போராட்டம்தான்."

அவனுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கிடங்கு வாசலில் நிற்கிற காவல் வேலை. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சில் கறார். "ஊன்றுகோல் இல்லாம ஒரு நாள் முழுக்க நின்னு காட்டச் சொல்லு. மறுநாளே வேலைச் சீட்டு குடுக்கறேன்" என்று சொல்லியிருந்தார். முட்டி போனால் அந்த வேலையும் போச்சு.

அவர்கள் இருந்தது வரிசை வீடுகளில் ஓர் அறை. ஒரு கட்டில், மூலையில் அடுப்பு, அடுப்புக்கு மேலே ஒரு பலகையில் பாத்திரங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பொய்க்கால் சுவரில் சாய்ந்து நிற்கும். புதிதாக வருகிறவர்கள் யாரோ ஒளிந்து நிற்கிறார்கள் என்று திடுக்கிடுவார்கள். அவன் தினமும் ஈரத்துணியால் கிண்ணத்தின் உள்பக்கத்தைத் துடைப்பான். வார்களை இழுத்துப் பார்ப்பான். துப்பாக்கியைத் துடைத்த கை. துடைக்க ஏதாவது வேண்டியிருந்தது.

சமையல் அவன் அக்காவின் பொறுப்பு. புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நடுவீட்டில் நிறுத்திய அன்று ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அவள் வந்தது அப்போது வசதியாகத்தான் இருந்தது. இருட்டு பிரிவதற்குள் கிடங்குக்குப் போகிறவள், அடிபட்ட புருஷனை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்?

ஓட்டைவாய் பேசிய அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். "மத்தியானம் சாப்பிட்டாரா அண்ணி?"

"சாப்பிட்டான். தட்டு கழுவிக் கவுத்து வெச்சிருக்கு பாரு."

"தட்டு கழுவினா சாப்பிட்டதா ஆகிடுமா?"

நாத்தனார் அடுப்பிலிருந்து திரும்பினாள். "வேற எப்பிடிக் காட்டணும்? அவன் வயித்தைத் தொறந்து காட்டவா?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேக்குற ஆளு இல்லியே."

கட்டிலிலிருந்து அவன் குரல் வந்தது. "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. போயி மூஞ்சியைக் கழுவு, கிழங்கு நாத்தம் தாங்கல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் புஜத்தைப் பிடித்தாள். ஆசையாகப் பிடிப்பது போலத்தான் பிடித்தாள். கட்டைவிரல் அழுத்தியது. தோலுக்கு அடியில் இருக்க வேண்டியது இல்லை. எலும்பு சீக்கிரமாகவே வந்துவிட்டது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"என்ன, நல்லதா கெட்டதான்னு பாக்குறியா? எந்தத் தொட்டியில போடப் போற?"

அவள் அவன் முகத்தருகே குனிந்தாள். மத்தியானம் முட்டையும் பருப்பும் தின்றவன் வாயில் அந்த வாசனை கொஞ்சமாவது தங்கும். அவன் வாயில் வந்தது காலி வயிற்றின் புளிப்பு. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். பல நாள் அவள் வாயிலேயே இருந்த வாசனைதான். பிறகு தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்பு மூலைக்குப் போய் நாத்தனாரை உரசிக்கொண்டு நின்றாள். அவித்த முட்டையின் வாசனை.

ராத்திரி மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவன் நாலு வாய் சோற்றை அளைந்துவிட்டு, "மத்தியானம் வயிறு முட்டத் தின்னுட்டேன்" என்று தட்டைத் தள்ளினான். நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. அந்தத் தலை தூக்காததையும் அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாட்களில் அவள் செய்ததெல்லாம் அவளுக்கே அசிங்கமாகத்தான் இருந்தது. பால் பாத்திரத்தின் உள்பக்கம் நகத்தால் கோடு கிழித்துவிட்டுப் போனாள். குப்பையில் முட்டை ஓட்டைக் கிளறினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க அண்ணி பகல்ல எங்கயாவது போறாங்களா?" என்று கேட்டாள். ஓடு இருந்தது, பால் இறங்கியிருந்தது, நாத்தனார் எங்கேயும் போகவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெளித்தோல் பளபளவென்று இருக்கிற கிழங்கை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

ஒரு நாள் கிடங்குக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தி, சாக்குகளை மேலே ஏற்ற ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு, பெண்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நனைந்துகொண்டே வந்தாள். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினாள்.

நாத்தனார் அடுப்பு மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு அவனுடைய தட்டு, ஓரத்தில் நசுங்கினது. பருப்பு பிசைந்த சோறு, பிட்டுப்போட்ட முட்டை. கட்டிலில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

அவள் ஈரக்காலோடு போய் அந்தத் தட்டைப் பிடுங்கினாள். நாத்தனார் கை அந்தரத்தில் நின்றது. விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தாள்.

"நல்லாருக்கா? உப்பு போதுமா? சொல்லுங்க அண்ணி, இன்னும் ரெண்டு முட்டை அவிக்கட்டுமா?"

"இரு. நான் சொல்றதை..."

"என்னத்தைச் சொல்லுவீங்க? கால் போனவன் வாயிலேருந்து புடுங்கித் திங்கிறீங்களே, தொண்டையில எறங்குதா? அவருக்கு முட்டியை எடுக்கப் போறாங்க. தெரியும்ல உங்களுக்கு? நர்ஸு என்னைத் திருடியைப் பாக்குற மாதிரி பாக்குறா. திருடி இங்க உக்காந்து சப்புக் கொட்டிக்கிட்டு இருக்கா."

நாத்தனார் வாயில் இருந்ததை விழுங்கினாள். அது இறங்குவது கழுத்தில் தெரிந்தது. எழுந்து கட்டிலைப் பார்த்தாள். "தம்பி."

அவன் திரும்பவில்லை.

"தம்பி, எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லுடா."

அவன் கை நீண்டு சுவரோரம் நின்ற பொய்க்காலைத் தொட்டது. தொட்டபடியே இருந்தது. வாய் திறக்கவில்லை.

நாத்தனார் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தாள். பிறகு கை கழுவினாள். பையை எடுத்தாள், வந்தபோது கொண்டு வந்த அதே துணிகள்தான், மடிக்கவும் நேரமாகவில்லை. கதவருகே நின்று தம்பி பெண்டாட்டியிடம் சொன்னாள்: "நான் தின்னதை நீ பாத்த. பாத்தது நெசந்தான். மிச்சத்தை அவன் சொல்லட்டும்."

மழையில் இறங்கிப் போனாள். போகட்டும் என்றுதான் இவள் நினைத்தாள். பிடுங்கின தட்டைப் புருஷன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவன் அதில் கை வைக்கவில்லை. எச்சில் தட்டு என்பதால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் கிடங்குக்கு லீவு சொன்னாள். "புருஷனுக்குச் சோறு போட லீவா? நல்ல கூத்து" என்றார் சூப்பர்வைசர். வீட்டில் உட்கார்ந்து வேளைக்கு வேளை சமைத்தாள். முட்டை, பருப்பு, கறித் துண்டு போட்ட சூப். அவன் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசி வாய் உள்ளே போகிற வரை எழுந்திருக்க மாட்டாள். அவன் தண்டனைக்குத் தின்கிறவன் போலத் தின்றான்.

"மெல்றதைக் கூடப் பாக்கணுமா நீ?"

"பாக்கணும்."

"ஜெயில்ல கூட இப்பிடி இல்ல."

"ஜெயில்ல முட்டை போட மாட்டாங்க. தின்னுங்க."

கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. புண்ணின் நாற்றம் குறைந்தது. அது அவள் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. தன் சந்தேகம் சரிதான் என்று அவளுக்கு உறுதியானது. குழாயடியில் நின்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தாள்: "அவ போனா, இவரு தேறுனாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஒரு காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியவள் உள்ளே டொம் டொம் என்று சத்தம் கேட்டு ஓடினாள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பொய்க்காலுக்குள் மிச்சக் காலைத் திணித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் இடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை. கிண்ணத்தின் விளிம்பில் ரத்தம் கசிந்தது.

"என்ன பண்றீங்க? புண்ணு கிழியுது!"

"அந்தப் பக்கம் போ நீ."

"கழட்டுங்க அதை!"

"போகலடி! உள்ள போகல பாரு!" அவன் கத்தினான். "நீ ஊட்டுற முட்டை, கறி எல்லாம் இங்கதான் வந்து உக்காருது. பாரு, பாதியில நிக்குது. நல்லாப் போய்க்கிட்டு இருந்தது. கெடுத்துட்ட."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "நல்லாப் போய்க்கிட்டு இருந்ததுன்னா?"

அவன் மூச்சு வாங்கினான்.

"பட்டினி கெடந்தா உள்ள போகும். அதானே?"

"ஆஸ்பத்திரியில அளவு எடுத்தப்ப நான் எலும்பும் தோலுமா இருந்தேன். அந்த அளவுக்குக் குடுத்த கால் இது. வீட்டுக்கு வந்து நாலு நாள் நல்லாத் தின்னேன், கடிக்க ஆரம்பிச்சுது. சாப்பாட்டைக் குறைச்சேன், ஜோரா உக்காந்துது. கிடங்கு கேட்டுல நான் நிக்கணும்ல?"

"கடிச்சா வேற கால் கேக்குறது!"

"கேக்குறதா?" அவன் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டு வாங்கினது. எங்க கூட ஒருத்தன் பூட்ஸு சின்னதா இருக்குன்னு ஸ்டோர்க்காரன்கிட்டப் போய் நின்னான். பூட்ஸு சரியாத்தான் இருக்கு, உன் கால்தான் தப்பு, அதை மாத்திட்டு வான்னான் அவன். விரலை மடக்கிப் போட்டுக்கிட்டு மலை ஏறினான் அந்தப் பையன். எல்லாருக்கும் அப்பிடித்தான். குடுத்ததுக்குத்தான் உடம்பு வரணும். திருப்பிக் குடுத்தா, அது திரும்ப வராது. இதுவும் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப அண்ணி?"

அவன் தரையைப் பார்த்தான். "நாந்தான் குடுத்தேன். வேணாம் வேணாம்னா. தின்னலைன்னா தெருவுல கொட்டுவேன்னேன். உன்கிட்ட மூச்சு விட்டா நான் எங்கயாவது போயிடுவேன்னு மிரட்டி வெச்சிருந்தேன்."

"அன்னைக்கு நான் அந்தப் பேச்சுப் பேசினேனே. நீங்க வாயே தொறக்கலையே."

"தொறந்தா நீ என்னைத் தின்ன வெப்ப."

அவள் அவனை அடித்திருப்பாள். கால் இருந்திருந்தால் நிச்சயம் அடித்திருப்பாள். அதற்குப் பதிலாக அந்தப் பொய்க்காலை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனை ஊன்றுகோலோடு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கால் செய்கிற பட்டறை ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம். உள்ளே எங்கும் வெள்ளைப் பவுடர், பசை நாற்றம், சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் கால்கள். கால் மேஸ்திரி கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது என்ன துப்பாக்கியா, கணக்குக் காட்டறதுக்கு? மனுஷன் சதை ஏறும், எறங்கும். அதுக்குத் தகுந்தாப்ல கிண்ணத்தை மாத்திக்கிட்டே இருக்கலாம். வந்து சொல்லணும்ல?"

"சொன்னா மாத்திக் குடுப்பீங்களா?" அவன் இன்னும் நம்பவில்லை. "பழசை வாங்கிட்டு, அப்புறம் வா அப்புறம் வான்னு இழுத்தடிச்சா?"

"பழசை நீங்களே வெச்சுக்குங்க. தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குங்க. முந்தி ஒருத்தரு, எடம் பத்தலைன்னு காலுறையைக் கழட்டிட்டு வெறும் தோல்ல மாட்டிக்கிட்டு வந்தாரு. தோலு கிண்ணத்தோட வந்துடுச்சு. உங்க பட்டாளத்துல வாயை மட்டும் வெட்டி எடுத்துட்டு அனுப்புறாங்களா என்ன? போங்க. புண்ணு மூடுற வரைக்கும் எதையும் மாட்டக் கூடாது. நல்லாத் தின்னுட்டு வாங்க, அளவு எடுக்கறேன்."

புண் மூட மழைக்காலம் முழுவதும் ஆனது. டாக்டர் கத்தியைத் தூக்கவில்லை. முட்டி தப்பியது. இப்போதும் அவள் அவனை முழுசாக நம்பவில்லை. கிடங்கிலிருந்து வந்ததும், "வாயைத் தொறங்க" என்பாள். அவன் அணிவகுப்பில் நிற்கிறவன் போலக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறப்பான். மோந்து பார்ப்பாள். "சரி, மூடுங்க."

நாத்தனார் பஸ் டிப்போ கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாள் என்று ஓட்டைவாய்தான் விசாரித்து வந்து சொன்னாள். ஒரு சாயங்காலம் இவள் அங்கே போனாள். பின்பக்கம் குழாயடியில் மலையாகக் குவிந்த தட்டுகளுக்கு நடுவே நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வற்றியிருந்தது. கை முழங்கை வரை வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"வா" என்றாள். எழுந்திருக்கவில்லை. "எப்பிடி இருக்கான்?"

"புண்ணு மூடிடுச்சு அண்ணி. புதுக் கிண்ணம் மாட்டியாச்சு. நாளைக்குக் கேட்டுல நிக்கிறாரு."

"சாப்பிடுறானா?"

"வாயை மோந்து பாத்துட்டுத்தான் விடுறேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் வாயையும்தானே மோந்த? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

இவள் சரிந்த தட்டு ஒன்றை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். கேட்கும்போதே தன் குரலில் பழி ஏறுவது தெரிந்தது.

"வாயில முட்டையை வெச்சுக்கிட்டா? நம்பியிருப்பியா நீ?" நாத்தனார் ஒரு தட்டைத் தேய்த்துப் பக்கத்தில் வைத்தாள். "இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்க. மொத நாலு நாள் அழுதுக்கிட்டேதான் தின்னேன். அப்புறம் அழல. நல்லா இருந்துச்சு. எம் புருஷன் வீட்ல எனக்கு யாரும் ஒரு முழு முட்டை குடுத்ததில்ல. அவன் எளைக்கிறது என் கண்ணுக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் தின்னேன்."

இதை ஏன் சொல்கிறாள், நம்மைக் குத்தவா, தன்னைக் குத்திக்கொள்ளவா என்று இவளுக்குப் பிடிபடவில்லை. "வீட்டுக்கு வந்துடுங்க" என்றாள்.

"வேணாம். நான் தட்டைத் தொட்டா நீ கண்ணால அளப்ப. அளக்கலைன்னாலும் அளக்குறாப்லயே எனக்கு இருக்கும். சோறு எறங்காது."

உள்ளேயிருந்து யாரோ தட்டு கேட்டுக் கத்தினார்கள். நாத்தனார் அடுக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். இவளுக்கு அந்த ஒரு வார்த்தை பல் வரைக்கும் வந்தது. "மழை வரும்போல இருக்கு" என்றாள்.

"வரும்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் உள்ளே போனாள்.

மறுநாள் அவன் ஊன்றுகோல் இல்லாமல் கிடங்கு வாசலில் நின்றான். மேனேஜர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெண்கள் மேசையிலிருந்து எட்டிப் பார்த்துக் கையைத் தட்டினார்கள். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

தின்றுகொண்டிருந்தவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கியதற்கும் திருடி என்று சொன்னதற்கும் அவள் நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.